29 அங்குல கேரம் போர்டு: ஆயாம்மா தேர்ந்தெடுத்தது

கேரம் போர்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை மி.மீ. பிளைவுட்?" என்றுதான். அதைக் கேட்பதற்கு முன்னால் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். உள்பக்கம், அதாவது காய் ஓடும் பரப்பு, ஒரு பக்கத்துக்கு 73.5 முதல் 74 செ.மீ. இருந்தால் அது முழு அளவுப் போர்டு. 29 அங்குலம் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். இதற்குக் கீழே 'ஃபேமிலி சைஸ்', 'குழந்தைகள் சைஸ்' என்று விதவிதமாக இருக்கின்றன. அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்குப் பரிசாக வந்து, கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் அதில் ஆடலாம். பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் முட்டி இடிக்கும், தலை மோதும், ஸ்ட்ரைக்கர் அடித்த வேகத்தில் காய் எகிறி சோபாவுக்கு அடியில் போகும். பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

பெரிய போர்டு வேண்டும் என்று சொன்னது நானல்ல. எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா. பிள்ளைகளுக்கு அவர் ஆயாம்மா. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர். மகளுக்கு இப்போது 11, மகனுக்கு 7. தன் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, இனி பேரப்பிள்ளையோடுதான் இருக்கப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னார். அவர் இடத்துக்கு வேறு யாரையாவது சொல்லிவிட்டுப் போவார் என்று நானும் மனைவியும் எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு.

"ஆளு அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல ஒரு நல்ல கேரம் போர்டு வாங்குங்க. பெருசா."

அவருக்கு ஆடத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தச் சின்னப் போர்டில் மதிய நேரத்தில் மூன்று பேரும் ஆடியிருக்கிறார்கள்.

கடைக்கு அவரும் வந்தார். விற்பவர் மேல்பூச்சின் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருக்க, அக்கா ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கி, தன் பக்கத்திலிருந்து எதிர்ச் சட்டத்தை நோக்கி நேராக ஓங்கி அடித்தார். போய் முட்டித் திரும்பியது, மறுபடி போனது, மறுபடி வந்தது. "ம்" என்றார். அடுத்த போர்டில் அடித்தார், அது ஒன்றரை சுற்றிலேயே சோர்ந்து நின்றது. "இது வேண்டாம்." இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த சோதனை என்றுதான் நினைத்தேன். பிறகு சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிகளைப் படித்தபோது அதிலேயே இருக்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை பலமாக அடித்தால் குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும். நீங்கள் வாங்கும்போது இதைச் செய்து பாருங்கள். பவுடர் போட்டுத்தான் செய்ய வேண்டும். பவுடர் போட அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்து மட்டம். போர்டின் நடுவட்டத்துக்கு மேலே மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நடுவில் பலகை தொய்ந்திருந்தால் நூலுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்துவிடும். மெல்லிய பலகை கொஞ்ச காலத்தில் அப்படித் தொய்ந்து, மெதுவாக விடும் காயெல்லாம் நடுவை நோக்கி வளைந்து போகும். போட்டிப் போர்டில் பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று விதியே இருக்கிறது. நாங்கள் வாங்கியது 8 மி.மீ., அடியில் குறுக்குக் கட்டைகள் உண்டு. 12 மி.மீ.யிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. துள்ளல் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் எங்களுடையதையே தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு 8 போதும். 4 மி.மீ. வாங்குவதாக இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட வந்த ஸ்ட்ரைக்கர் வெறும் பிளாஸ்டிக் வில்லை, எடையே இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 15 கிராமுக்குள் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரைத் தனியாக வாங்கினோம். காய்கள் மரக்காய்கள்தான், ஆனால் கனம் ஒரே மாதிரி இல்லை. வெள்ளை ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தூண் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்க்கிற காயைக் கண்டுபிடித்து மாற்றுவதற்கு மகனுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, அவனுக்கு அது ஆட்டத்தைவிடப் பிடித்துப்போய்விட்டது. பாக்கெட் வலைகள் மோசம். ஒரு மூலையில் வலை ஆணியிலிருந்து கழன்று, விழுந்த காய் தரையில் உருண்டது. அக்கா தடிமனான நூலால் அதைத் தைத்துக் கொடுத்தார். மற்ற மூன்றும் பிறகு அதே வழியில் போயின, அவற்றை நான் தைத்தேன். என் தையலைப் பார்த்தாலே எது யாருடையது என்று தெரியும்.

இந்தப் போர்டு எங்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல, எங்கள் வீட்டு மாலை நேரத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் வேலை முடிந்து வரும்போது அக்கா வாசலிலேயே சொல்லிவிடுவார். சின்னவனுக்கு லேசா சளி, பெரியவ கணக்கு முடிச்சிட்டா, நாளைக்கு சார்ட் பேப்பர் கேட்டிருக்காங்க. பிள்ளைகளின் அன்றைய நாள் முழுக்க எங்களுக்கு அவர் வாயாகத்தான் வரும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. சண்டை ஒன்றும் கிடையாது. பேச விஷயம் மிச்சமில்லை, அவ்வளவுதான்; எல்லாவற்றையும்தான் அக்கா சொல்லி முடித்துவிட்டாரே.

அவர் போவது என்று முடிவான பிறகு வாசல் ரிப்போர்ட் நின்றுபோனது. "என்ன ஆச்சுக்கா இன்னைக்கு?" என்று கேட்டால், "போர்டு போட்டிருக்கு. உக்காந்து அவங்களையே கேளுங்க" என்பார்.

கேரத்தில் நான்கு பேர் ஆடினால் கூட்டாளி பக்கத்தில் இருக்க மாட்டார், நேர் எதிரே இருப்பார். முழு அளவுப் போர்டை நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். 74 செ.மீ. பரப்பு, இரண்டு பக்கமும் மூன்று அங்குலச் சட்டம். இந்தத் தூரத்தில் எதிரே இருப்பவரின் முகம் நன்றாகத் தெரியும், கை படாது. முதல் சில மாலைகளில் அக்காவுக்கு எதிரே மகன், எனக்கு எதிரே மகள். என் மனைவி பார்வையாளர். பிறகு அக்கா தன் இடத்தை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்கோர் எழுதுவார், ஃபவுல் சொல்வார். ஐந்து பேர், நான்கு பக்கம். யாராவது ஒருவர் வெளியே இருந்துதான் ஆக வேண்டும். அது யார் என்பதை அவரே தீர்மானித்துக்கொண்டார். மகன் முறைத்தான். "நீங்கதான் என் பார்ட்னர்" என்றான். "அம்மாவுக்கு கட் ஷாட் வராது கண்ணு, நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்று அவனை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

அது உண்மை. என் மனைவிக்கு கட் ஷாட் வராது. ஏழு வயதுப் பையன் தன் அம்மாவுக்கு, காயின் எந்த ஓரத்தில் ஸ்ட்ரைக்கர் பட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சும்மா சொல்லவும் மாட்டான், "மா, சொன்னா கேளு" என்று அதட்டுவான்.

எனக்கு வலது மூலை வராது. இதை என் மகள்தான் முதலில் கவனித்தாள். சில ஆட்டங்களுக்குப் பிறகு, அவள் தன் முறையில் எளிதான காயை விட்டுவிட்டுக் கஷ்டமான ஒன்றை ஏன் எடுக்கிறாள் என்று புரியாமல் கேட்டேன். "அது உங்க இடது மூலைக்கு நேரா இருக்குப்பா. உங்களுக்கு விட்டு வச்சேன்." ஒருத்தி என்னை இவ்வளவு உற்றுக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் காயை நான் தவறவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். உங்கள் முறை முடிந்தால் மற்ற மூன்று பேரும் ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லோருடைய கண்ணும் போர்டில் இருக்கும், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், அப்போது பேச்சு தானாக வரும். வகுப்பில் தன்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டதை மகள் சொன்னது இப்படித்தான். எதிரே உட்கார வைத்து "என்ன பிரச்சினை சொல்லு" என்று கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றிருப்பாள். என் மனைவி ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து நகர்த்தியபடியே "யார் பக்கத்துல உக்கார்ற இப்போ?" என்று மட்டும் கேட்டாள். மிச்சமெல்லாம் மகளே சொன்னாள். அக்கா நோட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை.

இன்னொரு விதி எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது. ஆட்டத்தின் நடுவே இருக்கையை விட்டு எழக்கூடாது. கை எட்டவில்லை என்றாலும் எழுந்து சாயக்கூடாது, நாற்காலியை நகர்த்தக்கூடாது. அக்கா இதில் கறார். ஒருநாள் என் மனைவிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது, எழப் பார்த்தாள். "போர்டு முடியட்டும் பாப்பா" என்றார் அக்கா. மனைவி உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடப் பழக்கத்தில் அவர் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

வீட்டு ஆட்டமா, போட்டி விதியா என்பதில் எங்கள் வழி இது. மகனுக்காக முதலில் பாயிண்ட் ஆட்டம்: கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. யார் எந்தக் காயை வேண்டுமானாலும் போடலாம். பாக்கெட் 4.45 செ.மீ., காய் 3 செ.மீ.க்குச் சற்று மேல்; சிறுவர்களுக்கு இது எளிதில்லை. பெரிய ஓட்டையோடு வரும் வீட்டுப் போர்டில் பழகியவர்களுக்கு முதல் வாரம் அழுகை வரும். மகன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டாமல் விரலால் தள்ளிக்கொண்டே போவான். விதிப்படி அது ஃபவுல். நான் சொன்னேன். "அவன் விரல் வளரட்டும் தம்பி, அப்புறம் ஃபவுல் வளரட்டும்" என்றார் அக்கா. நகத்தின் நுனியால் அடிக்காமல் விரல் சதை படும்படி விடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நகத்தால் அடித்தால் வலிக்கும், வலித்தால் பிள்ளை ஆடாது.

கை பழகியதும் முறையான ஆட்டத்துக்கு மாறினோம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ரெட். ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலாவது சொந்தக் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு. எதிராளியின் காய் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி, ரெட்டுக்கு 3, மொத்தம் 25 எடுத்தால் ஆட்டம். என் மகள் இப்போது இதற்குக் கீழே இறங்கி பாயிண்ட் ஆட்டம் ஆட மறுக்கிறாள். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவுக்கு அப்போது வயது 17 என்று எங்கோ படித்துவிட்டு, "இன்னும் ஆறு வருஷம் இருக்கு" என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அக்காவின் நாயகன் மரிய இருதயம், இரண்டு முறை உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். இருவரில் யார் பெரியவர் என்று இவர்கள் இருவரும் சண்டை போட்டதற்கு நான் சாட்சி.

பவுடர் பற்றி ஒரு எச்சரிக்கை. கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர்தான். நன்றாக வழுக்கும், ஆனால் வாயில், கண்ணில் போகக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தை இனப்பெருக்க நலனுக்குக் கேடான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் யோசியுங்கள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் செய்ததும் கிடைக்கிறது. முகப்பவுடர் போடாதீர்கள், அது வழுக்குவதற்குப் பதில் அப்பிக்கொள்ளும். அக்காவின் முறை: மெல்லிய துணியில் பவுடரை முடிந்து, போர்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பது. பறக்காது, சமமாகப் பரவும், டப்பா மாதக்கணக்கில் வரும். ஆடி முடித்ததும் கை கழுவாமல் யாரும் எழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம், இதைக் கூட்டமைப்பு விதியாகவே ஆக்கலாம்.

வெளிச்சம் நேர் மேலிருந்து வர வேண்டும், பக்கவாட்டு விளக்கில் காய்க்கு நிழல் விழுந்து ஏமாற்றும். ஸ்டாண்ட் 63 முதல் 70 செ.மீ. உயரம் என்பது பெரியவர்கள் கணக்கு. மகனுக்கு நாற்காலியில் இரண்டு தலையணை. போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஈரத்துணி கூடவே கூடாது.

அக்கா கிளம்பிய அன்று காலையிலும் ஒரு போர்டு ஆடினோம். மகன் அவரை விடவில்லை. அவருக்கு எதிரே அவனே உட்கார்ந்துகொண்டான், நான் நோட்டைப் பிடித்தேன். அவர் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. ரெட்டை எடுத்தார், ஃபாலோவும் போட்டார், ஜெயித்தார்கள். என் மனைவியின் கண் கலங்கியிருந்ததால் அவள் ஆடிய இரண்டு அடியும் வீண். "பாப்பா, பாத்து அடி" என்றார். அவ்வளவுதான் அவர் அவளிடம் சொன்ன ஆறுதல்.

வேறு ஆள் நாங்கள் இன்னும் வைக்கவில்லை. மனைவியும் நானும் நேரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம், அது எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை. மாலையில் போர்டு மட்டும் விரிகிறது. தினமும் இல்லை. பரீட்சை வந்தால் கிடையாது, யாராவது கோபத்தில் இருந்தால் கிடையாது. சில நாள் மகனும் மகளும் மட்டும் ஆடுகிறார்கள், நாங்கள் கூப்பிடக் காத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு குறை. பெட்டியோடு வரும் விதித்தாள் எதற்கும் உதவாது. ஒரு பக்கம், அதில் பாதி படம். போன வாரம் நானும் மகளும் 22 புள்ளியில் இருந்தோம். நான் ரெட்டைப் போட்டேன், ஃபாலோவும் விழுந்தது, வலது மூலையில்! எதிரணிக்கு ஒரே ஒரு காய் மிச்சம். ஒன்றும் மூன்றும் நாலு, 26, ஆட்டம் முடிந்தது என்று நான் எழுந்தேன். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. விதித்தாளைத் தேடினோம், அதில் ரெட்டுக்கு 3 என்பதோடு சரி. போனை ஸ்பீக்கரில் போட்டு ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, அதற்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

"எத்தனையில இருந்தாங்க?"

"இருபத்திரெண்டு ஆயாம்மா!"

"இருபத்திரெண்டு ஆயிட்டா அப்புறம் ரெட்டுக்கு மூணு ஏது? மிச்சக் காய்க்கு ஒண்ணுதான். இருபத்திமூணு. ஆட்டம் முடியல, உக்காருங்க. யாரு எந்திரிச்சது, அப்பாவா?"